மருந்தாய்வில் சேர்வோர் உள்ளம்: மலாயாவும் சென்னையும் காட்டும் வரலாறு

திருக்குறளின் மருந்து அதிகாரம் நிறைவுறும் இடத்தில், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று வள்ளுவர் வகுக்கின்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அந்நான்கு. இவற்றுள் நோயுற்றவன் முதற்கண் வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. ஆயின், மருத்துவ வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இரண்டாவதையும் மூன்றாவதையுமே விரித்துரைக்கின்றனர். மருந்து கண்ட அறிஞரின் பெயரைப் பள்ளி மாணவரும் அறிவர். அம்மருந்து நன்மை செய்யுமோ தீமை செய்யுமோ என்று எவருக்கும் தெரியாதிருந்த நாளில் அதனைத் தம் உடலில் ஏற்றவரின் பெயரை அறிவார் இலர்.

இக்காலத்தில் எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்வோர் பலர், புதிய மருந்துகளும் மருத்துவ முறைகளும் சோதிக்கப்படும் ஆய்வுகளில் தாமே முன்வந்து சேர்கின்றனர். அவர்கள் ஏன் சேர்கின்றனர் என்னும் வினாவுக்கு இரு விடைகள் எளிதில் கூறப்படுகின்றன. வறுமையால் சேர்கின்றனர் என்பது ஒன்று. பிறர் நலம் கருதிச் சேர்கின்றனர் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் இரண்டும் முழு உண்மை ஆகா. ஒருவர் ஆய்வில் சேர்வதற்குரிய காரணம், ஆய்வுக்கு வெளியே அவருக்கு என்னென்ன வழிகள் திறந்திருந்தன என்பதைப் பொறுத்தே அமைகின்றது. ஒரு நூற்றாண்டுக் கால மலாயா வரலாறும் சென்னை வரலாறும் இதனைத் தெளிவாகக் காட்டும்.

புழுங்கலரிசியும் பெரிபெரியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை வாட்டிய கொடிய நோய்களுள் பெரிபெரி ஒன்று. கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து மக்கள் மடிந்தனர். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரிடையே இந்நோய் மிகுதியாக இருந்தது. அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழரிடையே அஃது அருகியே காணப்பட்டது. இவ்வேறுபாடு மருத்துவர் சிலரின் சிந்தனையைத் தூண்டிற்று.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராகப் பணியாற்றிய பிராடன் என்பவர், உணவே இதற்குக் காரணம் என்று வாதிட்டார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, நன்கு தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்தும் முறையில் உமியை ஒட்டிய பகுதியிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகின்றது. பின்னர்த் தீட்டினாலும் முற்றும் போவதில்லை. அச்சத்தே பி1 என்னும் உயிர்ச்சத்து என்பது பிற்காலத்தில் அறியப்பட்டது. பிராடனோ, கெட்டுப்போன பச்சரிசியில் தோன்றும் நஞ்சே நோய்க்குக் காரணம் என்று எண்ணினார். காரணத்தை அவர் பிழைபட உணர்ந்தாலும், அரிசியைச் சுட்டிய அவர் கை சரியான இடத்தையே காட்டிற்று. அவரது நூல் 1907ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இக்கருத்தை மெய்ப்பித்துப் பார்க்க வேண்டியிருந்தது. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் 1905ஆம் ஆண்டின் இறுதி முதல் 1906ஆம் ஆண்டின் இறுதி வரை ஓர் ஆய்வு நடத்தினார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண் பெற்றோரை ஒரு கூட்டமாகவும் இரட்டைப்படை எண் பெற்றோரை மற்றொரு கூட்டமாகவும் பிரித்தார். ஒரு கூட்டத்தார்க்குப் பச்சரிசி; மற்றவர்க்குப் புழுங்கலரிசி. பச்சரிசி உண்ட 120 பேரில் 43 பேர் பெரிபெரியால் பீடிக்கப்பட்டனர். அவருள் 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கே நோய் காணப்பட்டது. அவ்விருவரும் மருத்துவமனைக்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள். அக்கூட்டத்தில் இந்நோயால் இறந்தவர் எவருமில்லை.

அடுத்து 1907ஆம் ஆண்டில், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் அம்புரோஸ் தாமஸ் ஸ்டேண்டனும் நெகிரி செம்பிலானின் டூரியான் திப்பூஸ் என்னும் காட்டுப் பகுதியில் சாலை போட வந்திருந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரிடையே இதே ஆய்வைச் செய்தனர். பச்சரிசிக் கூட்டத்தில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் மாறியது. அரிசியே காரணம் என்பது ஐயமற நிறுவப்பட்டது. மணிலாவில் 1910ஆம் ஆண்டில் கூடிய கீழ்த்திசை மருத்துவர் மாநாடும், தீட்டிய அரிசியை இடையறாது உண்பதே பெரிபெரிக்குக் காரணம் என்று முடிவு செய்தது.

மலாயாவில் நடந்த இவ்விரு ஆய்வுகளும் மருத்துவ வரலாற்றில் நிலைபெற்றவை. தமிழர் வீட்டு உலையில் கொதித்த புழுங்கலரிசி உலக அறிவுக்கு ஒரு சான்றாயிற்று என்று பெருமை கொள்ளவும் இடமுண்டு. ஆயின் மற்றொரு பக்கத்தையும் காண வேண்டும். மனநோய் மருத்துவமனையில் இருந்தவர் எந்த அரிசி உண்பது என்பதைத் தாமே முடிவு செய்யவில்லை. மூடிய கதவுக்குள் வாழ்ந்தவர்க்கு அங்கிருந்து வெளியேறும் உரிமையும் இல்லை. அவர்கள் ஏன் ஆய்வில் சேர்ந்தார்கள் என்று கேட்பதே பொருந்தாது. அவர்கள் சேரவில்லை, சேர்க்கப்பட்டார்கள். இறந்த பதினெண்மரின் பெயர்கள் வரலாற்று நூல்களில் இல்லை. அவர்கள் எண்ணாக மட்டுமே நிற்கின்றனர்.

பெரட்டுக் களத்து மருந்து

தோட்டத் தமிழரின் மருத்துவ அனுபவமும் இதனின்று மிகத் தொலைவில் இருந்ததன்று. மலேரியாக் காய்ச்சல் தோட்டங்களைச் சூறையாடிய காலத்தில், மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் விடியற்காலைப் பெரட்டின்போதே தொழிலாளர்க்குக் கொய்னா மருந்து கொடுக்கப்பட்டது. பெயர் கூப்பிட்டதும் வந்து நின்று குடிக்க வேண்டியதுதான். கசப்பு மிகுந்த அம்மருந்து பல உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வேலை ஒழுங்கின் ஒரு பகுதியாகவே வந்தது. கிராணியும் கங்காணியும் நிற்கும் இடத்தில், வேண்டும் வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் ஏது?

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், மெர்லிமாவ், சுங்கை ரம்பாய் முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்த பழைய தலைமுறையினர்க்கும் மருத்துவம் என்பது நிர்வாகத்தின் வழியாகவும் டிரெசரின் வழியாகவுமே வந்து சேர்ந்தது. மருத்துவர் சொன்னால் கேட்டுக்கொள்வது என்னும் பணிவு அவ்வாறு வேரூன்றியது. இப்பணிவுக்கு நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. பிற்காலத்து மருந்தாய்வுகளில் அதன் இரு முகங்களும் வெளிப்படுகின்றன.

இசைவு என்னும் அறம்

ஆய்வுக்கு உட்படுவோரின் இசைவு இன்றியமையாதது என்னும் நெறி உலகில் எளிதில் நிலைபெறவில்லை. இரண்டாம் உலகப் போரில் நாஜி மருத்துவர் சிறைமுகாம்களில் செய்த கொடுமைகள் நூரம்பெர்க் நீதிமன்றத்தில் வெளிப்பட்டபின், 1947ஆம் ஆண்டில் அந்நெறி முதன்முதலாக உலகறிய எழுத்தில் வடிக்கப்பட்டது. உலக மருத்துவர் சங்கம் 1964ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியில் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் பின்னரும், அமெரிக்காவின் டஸ்கீகி என்னும் ஊரில் மேகநோய் கண்ட கறுப்பின ஆடவரை மருந்தளிக்காமல் கவனித்துவந்த ஆய்வு 1972 வரை நடந்தது. அது தொடங்கிய ஆண்டு 1932. இடையில் பெனிசிலின் என்னும் கைகண்ட மருந்து வந்தும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை.

நல்லெண்ணத்தோடு நடந்த ஆய்விலும் குறை இருந்தது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுமா என்று பிரிட்டனில் 107 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 1948ஆம் ஆண்டில் வெளிவந்தது. இக்கால மருந்தாய்வுகளுக்கு அது முன்மாதிரி. மருந்து மிகவும் அருகி இருந்தமையால், யாருக்கு அது கிடைப்பது என்பதை எண்வரிசையின்படி முடிவு செய்ததில் ஒரு நீதி இருந்தது. எனினும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்றவர்களுக்குத் தாம் ஓர் ஆய்வில் இருக்கின்றோம் என்பதே கூறப்படவில்லை.

சென்னை தந்த பாடம்

இந்த முறை சென்னைக்கு வந்தது 1956ஆம் ஆண்டில். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் கூடிச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நிலையத்தை நிறுவின. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதன் முதல் தலைவராய் அமைந்தார். அக்காலத்தில் காசநோய் கண்டவரைச் சானடோரியத்தில் பல மாதங்கள் வைத்து, நல்லுணவும் ஓய்வும் அளித்துப் பேணுவதே சிறந்தது என்று எண்ணப்பட்டது. ஆனால் நாட்டிலிருந்த நோயாளிகளின் தொகைக்கு அங்கிருந்த படுக்கைகள் ஒரு மூலைக்கும் போதா.

193 நோயாளிகள் இவ்வாய்வில் சேர்ந்தனர். ஒரு பகுதியினர் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினர் தம் வீட்டிலேயேயும் இருந்து, ஐசோனியாசிட், பாஸ் என்னும் இரு மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். வீட்டிலிருந்தோர் பெரும்பாலும் ஏழைகள். நெருக்கமான குடிசைகளில், குறைந்த உணவோடு வாழ்ந்தவர்கள். ஆண்டின் முடிவில் சானடோரியத்தில் இருந்தவருள் 92 விழுக்காட்டினர்க்கும், வீட்டில் இருந்தவருள் 86 விழுக்காட்டினர்க்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் நோயாளியுடன் வாழ்ந்த குடும்பத்தாரிடையே நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. இம்முடிவு 1959ஆம் ஆண்டில் வெளியானபின், உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடியலாயிற்று. அந்நிலையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்குகின்றது.

இவ்வாய்வில் சேர்ந்தவர்க்குக் கிடைத்தது யாது? காசில்லாமல் நல்ல மருந்து கிடைத்தது; வீடு தேடி வந்து நலம் கேட்கும் செவிலியர் கிடைத்தனர். வீட்டில் இருந்தோர்க்கு மனைவி மக்களைப் பிரியாத வாழ்வும் கிடைத்தது. இவையனைத்தும் ஆய்வுக்கு வெளியே அவர்க்கு எட்டாதவை. ஆகவே, ஆய்வில் சேர்தல் என்பது அவர்களுக்கு மருத்துவம் பெறுதல் என்பதன் மறுபெயராகவே இருந்திருக்கும். இதனைத் தன்னலம் என்று இகழ்வதும் தவறு. தியாகம் என்று புகழ்வதும் மிகை. உயிர் வாழ விழைதல் எவர்க்கும் இயல்பு.

கதவு ஒன்றே இருந்த காலம்

எச்.ஐ.வி.யின் வரலாற்றில் இவ்வுண்மை மேலும் கூர்மையாகத் தெரிகின்றது. எய்ட்ஸ் நோய் 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முதலாகக் குறிக்கப்பட்டது. அதற்குரிய கிருமி 1983இல் கண்டறியப்பட்டது. அவ்வாண்டிலேயே டென்வர் நகரில் கூடிய நோயாளிகள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். தம்மைப் பலியானோர் என்று அழைக்கலாகாது, தம்மைப் பற்றிய முடிவுகளில் தமக்கும் இடம் வேண்டும், ஆய்வில் சேர மறுத்தாலும் தம் சிகிச்சை குறையலாகாது என்பன அதன் சாரம். நோயாளிகளே ஆய்வின் அறத்தை வகுக்கத் தொடங்கியமை புதுமையாகும்.

அசிடோதைமிடின் என்னும் மருந்தை 282 நோயாளிகளிடம் சோதிக்கும் ஆய்வு 1986ஆம் ஆண்டில் நடந்தது. ஒரு பகுதியினர் மருந்தையும் மற்றவர் மருந்தில்லாத வெறும் மாத்திரையையும் உண்டனர். செப்டம்பரில் கணக்குப் பார்த்தபோது, மருந்து உண்டவருள் ஒருவரும், வெறும் மாத்திரை உண்டவருள் 19 பேரும் இறந்திருந்தனர். ஆய்வு உடனே நிறுத்தப்பட்டு, எல்லோர்க்கும் மருந்து வழங்கப்பட்டது. அக்காலத்தில் ஆய்வில் இருந்த சிலர் தம் மாத்திரையைப் பிறரோடு பகிர்ந்துகொண்டதாகவும், உண்மை மருந்துதானா என்று வெளியே சோதித்துப் பார்த்ததாகவும் செய்திகள் உண்டு. ஆய்வின் ஒழுங்கு இதனால் கெடும் என்பது மெய்யே. ஆயினும், சாவு வாயிலில் நிற்பவனுக்குக் கதவு ஒன்றே திறந்திருக்குமாயின், அவன் அதனைக் கதவாகக் காண்பானேயன்றி அறிவியல் கருவியாகக் காணான்.

சென்னையில் சேர்ந்த இணையர்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடம் சென்னை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் 1986ஆம் ஆண்டில் இதனைக் கண்டனர். சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நாளில் நோயாளியைத் தொடவும் மருத்துவர் அஞ்சிய நிலை பல இடங்களில் இருந்தது. கூட்டு மருந்துகள் 1996 முதல் மேலைநாடுகளில் சாவைக் குறைத்தன. அவற்றின் விலையோ ஆண்டுக்குப் பதினாயிரம் அமெரிக்க டாலருக்கு மேல். இந்தியாவின் சிப்லா நிறுவனம் 2001ஆம் ஆண்டில் அதனை 350 டாலருக்குத் தர முன்வந்தது. இந்திய அரசாங்கம் 2004 ஏப்ரல் முதல் நாள் தொட்டு இலவச மருந்து வழங்கத் தொடங்கிற்று. தாம்பரம் மருத்துவமனை அதன் தொடக்க நிலையங்களுள் ஒன்று.

இந்நிலையில்தான் எச்.பி.டி.என். 052 என்னும் பேராய்வு நடந்தது. ஒன்பது நாடுகளில் 13 நிலையங்களில் 1,763 இணையர் சேர்ந்தனர். சென்னையும் புனேயும் அவற்றுள் அடங்கும். இணையருள் ஒருவருக்குக் கிருமி உண்டு, மற்றவருக்கு இல்லை. கிருமியுடையவர் உடனே மருந்து தொடங்கினால் துணைவரைக் காக்க முடியுமா என்பதே வினா. இதன் முடிவு 2011 மே மாதம் வெளியாயிற்று. கிருமி துணைவரிடமிருந்தே வந்தது என்று உறுதியான 28 தொற்றுகளுள் 27, மருந்து பிந்தித் தொடங்கியவர் பகுதியில் நேர்ந்தவை. உடனே மருந்து உண்டவர் பகுதியில் நேர்ந்தது ஒன்றே. பரவல் 96 விழுக்காடு குறைந்தது. முடிவு தெரிந்தவுடன், பிந்திய பகுதியினர்க்கும் மருந்து அளிக்க ஏற்பாடாயிற்று.

இவ்வாய்வில் சேர்வதற்குரிய காரணம் முந்தியவற்றினும் வேறுபட்டது. நோய் முற்றி, சாவுக்கு அஞ்சி வந்தவர்கள் அல்லர் இவர்கள். தம் வாழ்க்கைத் துணைக்குத் தம்மால் தீங்கு நேரலாகாது என்னும் கவலை இங்கே முன்னின்றிருக்கும். ஒருவர் மட்டும் இசைந்தால் போதாது. கணவனும் மனைவியும் உண்மையைத் தமக்குள் பேசியிருந்தாலன்றி ஆய்வில் கால் வைக்க இயலாது. பிறர் நலம் என்னும் சொல்லுக்கு இங்கே முகமறியாத உலகமும் பொருள். ஒரே கூரையின்கீழ் வாழும் ஒருவரும் பொருள்.

சேர்வோரும் சேராதோரும்

மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. நோயாளி பற்றிய செய்தியும் 1986ஆம் ஆண்டிலேயே பதிவாயிற்று. இந்நாட்டில் நெடுங்காலம் ஊசி வழிப் போதைப் பழக்கத்தாலேயே கிருமி பெரிதும் பரவியது. மாற்று மருந்தாகிய மெத்தடோன் 2005 முதலும், தூய ஊசி வழங்கும் திட்டம் 2006 முதலும் நடைமுறைக்கு வந்தன. தாயிடமிருந்து குழந்தைக்குக் கிருமி பரவுவதை ஒழித்த நாடு என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. 35 நாடுகளில் 4,685 பேர் பங்குகொண்ட ஸ்டார்ட் என்னும் ஆய்வில் மலேசியாவும் இந்தியாவும் இடம்பெற்றன. உடல் வலிமை குன்றுமுன்னரே மருந்து தொடங்குவது நன்று என்று அவ்வாய்வு 2015இல் காட்டியது. கடுமையான நோயோ சாவோ நேர்ந்தவர் தொகை, உடனே தொடங்கியவருள் 42, காத்திருந்தவருள் 96.

அரசாங்க மருத்துவமனையில் மருந்து கிடைக்கும் நாட்டில் ஒருவர் ஆய்வில் சேர்வது எதற்காக? உலகின் பல பகுதிகளில் நோயாளிகளிடம் கேட்டறிந்தவர்கள் கூறும் காரணங்கள் பெரும்பாலும் ஒத்திருக்கின்றன. புதிய மருந்து இப்போதுள்ளதினும் நன்றாயிருக்கும் என்னும் நம்பிக்கை முதலாவது. அடிக்கடி நடக்கும் இரத்தப் பரிசோதனையும், அவசரமின்றிக் கேட்கும் மருத்துவரும் கிடைத்தல் இரண்டாவது. தமக்குப் பின் வருவோர்க்கு உதவுதல் மூன்றாவது. பல்லாண்டு பழகிய மருத்துவர்பால் கொண்ட நன்றி நான்காவது. வழிச்செலவுக்கும் இழந்த நாட்கூலிக்கும் கிடைக்கும் சிறுதொகை ஐந்தாவது. இவை தனித்தனியே இயங்குவதில்லை. ஒருவர் உள்ளத்திலேயே இரண்டும் மூன்றும் பின்னிக் கிடக்கும்.

சேராமைக்கும் காரணங்கள் உண்டு. பக்க விளைவு பற்றிய அச்சம் ஒன்று. தன்னைச் சோதனை எலியாக்குகின்றனரோ என்னும் ஐயம் மற்றொன்று. எல்லாவற்றினும் பெரியது, நோய் பிறர்க்குத் தெரிந்துவிடுமோ என்னும் நடுக்கம். பெருநகரில் மருத்துவமனைக்குள் நுழைபவரை யாரும் உற்று நோக்குவதில்லை. சுங்கை ரம்பாய் போன்ற சிற்றூரிலோ, பேருந்தில் அருகே அமர்ந்தவர் எங்கே போகிறாய் என்று கேட்பது இயல்பு. மாதந்தோறும் கோலாலம்பூருக்குப் போக வேண்டுமாயின், வீட்டில் ஒரு காரணமும் வேலையிடத்தில் ஒரு காரணமும் சொல்லியாக வேண்டும். தொலைவை அளக்கும் கோல் கிலோமீட்டர் மட்டுமன்று. மறைக்க வேண்டிய பொய்களின் எண்ணிக்கையும் அதனோடு சேரும். ஆகவே, ஆய்வில் சேர்ந்தோரின் ஊக்கத்தை மட்டும் ஆராய்வோர், சேர இயலாதோரைக் கணக்கில் விட்டுவிடுவர்.

சொல்லில் தங்கும் இசைவு

இங்கே தமிழ் கற்பிப்போர் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆய்வில் சேர்பவர் கையொப்பமிடும் இசைவுத்தாள் அவருக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும் என்பது நெறி. தமிழில் எழுதிவிட்டால் மட்டும் புரிந்துவிடுமா?

சோதனை என்னும் சொல்லை எடுத்துக்கொள்க. இரத்தச் சோதனை என்பதும் சோதனையே. இறைவன் தரும் துன்பமும் சோதனையே. காவல்துறையினர் வீட்டில் நுழைவதும் சோதனையே. போலி மருந்து என்று எழுதினால், கடையில் விற்கும் கள்ள மருந்து என்றே படிப்பவர் கொள்வர். மருந்துச் சத்து இல்லாத மாத்திரை என்று விளக்குவதே தகும். யார் எந்தப் பகுதியில் சேர்வது என்பதைக் குலுக்கல் என்று சொன்னால், நான்கு நம்பர்ச் சீட்டின் நினைவு வரும்; பரிசு விழும் பக்கம் எது என்று கேட்கத் தோன்றும். உண்மையில் எந்தப் பக்கம் நல்லது என்பது எவருக்கும் தெரியாமையால்தான் அவ்வாறு பிரிக்கின்றனர். இவ்வொரு கருத்து விளங்காவிடில் மற்றனைத்தும் விளங்கா.

ஆய்வையும் சிகிச்சையையும் ஒன்றென மயங்குதலை அமெரிக்க அறிஞர் சிலர் 1982ஆம் ஆண்டில் தனியே பெயரிட்டுச் சுட்டினர். தம் நலத்துக்கெனவே மருத்துவர் இம்மருந்தைத் தேர்ந்தார் என்று நோயாளி நம்புகின்றார். மருத்துவரோ ஒரு வினாவுக்கு விடை தேடுகின்றார். இம்மயக்கம் கல்லாதார்க்கு மட்டும் உரியதன்று. எனினும், மருத்துவர் சொன்னால் கேட்டுக்கொள்வது என்னும் பழைய பெரட்டுக் களத்துப் பணிவு எங்கே எஞ்சியிருக்கின்றதோ, அங்கே இது எளிதில் வளரும். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், நம்பிக்கைக்குரிய ஒருவரோடு படித்து, வேண்டாம் என்று திருப்பித் தரும் உரிமை தமக்கு உண்டென்று அறிந்தவரின் இசைவே இசைவாகும். தெளிந்த தமிழ் அவ்வுரிமையின் ஒரு பகுதி.

தீர்க்க வேண்டிய கடன்

ஆய்வு முடிந்தபின் நிகழ்வதும் சேர்ந்தோரின் உள்ளத்தோடு தொடர்புடையது. பின்வருவோர்க்கு உதவும் என்று கருதி ஒருவர் சேர்ந்திருக்க, முடிவில் அம்மருந்து செல்வர்க்கு மட்டும் எட்டுமாயின், அவரது எண்ணம் பழுதுபடுகின்றது. ஆய்வில் பங்குகொண்டோர்க்கு அதன் பயன் கிட்ட வேண்டும் என்னும் விதியை ஹெல்சிங்கி அறிக்கை 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்த்துக்கொண்டது.

மலேசியாவிலேயே இதற்கொரு நல்ல சான்று உண்டு. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் பலரை ஈரல் அழற்சி சி வகைக் கிருமியும் சேர்ந்து வருத்துகின்றது. அதற்குரிய சொபோஸ்புவிர் என்னும் மருந்து விலை மிகுந்தது. மலேசிய அரசாங்கம் 2017 செப்டம்பரில், காப்புரிமையைக் கடந்து மலிவான வகையை வரவழைக்கும் அரசுப் பயன்பாட்டு உரிமத்தைப் பிறப்பித்தது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளிகள், ரவிடாஸ்விர் என்னும் புதிய மருந்தைச் சொபோஸ்புவிருடன் சேர்த்து உண்ணும் ஆய்வில் பங்குகொண்டனர், எச்.ஐ.வி. உடையோரும் அவருள் இருந்தனர். 97 விழுக்காட்டினர் குணமடைந்தனர் என்னும் முடிவு 2018இல் அறிவிக்கப்பட்டது. ரவிடாஸ்விர் 2021ஆம் ஆண்டில் மலேசியாவில் பதிவு பெற்றது. இங்குள்ளோர் உடலில் பெற்ற அறிவு இங்குள்ளோர்க்கே மருந்தாகத் திரும்பிய நிகழ்ச்சி இது.

1906ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் ஒற்றைப்படை எண்ணும் இரட்டைப்படை எண்ணும் மனிதரின் விதியை முடிவு செய்தன. இன்றும் ஆய்வில் மனிதர் எண்ணால் பிரிக்கப்படுகின்றனர். அம்முறை அறிவியலுக்கு வேண்டியதே. மாறியிருப்பது, எண் இடப்படுமுன் அவர் கேட்கப்படுகின்றார் என்பதே. கேட்கப்படும் அந்நேரத்தில் அவர் அச்சமின்றி விடை சொல்ல வேண்டுமாயின், ஆய்வுக்கு வெளியிலும் அவருக்கு மருந்து கிடைக்க வேண்டும்; வேண்டாம் என்றாலும் மருத்துவரின் முகம் மாறலாகாது; ஊரார் பழிக்கு அஞ்சி ஒளிய வேண்டிய நிலையும் நீங்க வேண்டும். இவற்றுள் முதலிரண்டும் அரசாங்கத்தின் பொறுப்பிலும் மருத்துவரின் பொறுப்பிலும் உள்ளன. மூன்றாவது, அவரோடு ஒரே தெருவில் வாழ்வோரின் பொறுப்பு.